வேண்டாம் என்னும் வலிமை

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் செல்லும் வழியில், கடலுக்கும் களப்புக்கும் அருகே அமைந்தது நாயாறு. அங்குள்ள நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். நாம் புகுந்த வேளை, பாட்டனாருக்கும் பேரனுக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. உயர்தரம் பயிலும் பேரன், கைத்தொலைபேசி வழியே புதுச் சப்பாத்து வரவழைத்திருந்தான். பழையது இன்னும் தேயவில்லை.

“தம்பி, சவர்க்காரம் இல்லாமல் பனங்களியிலே உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள்!” என்றார் பெரியவர்.

அவர் கூறியது மிகையன்று. 1990ஆம் ஆண்டு வடபகுதிமீது விழுந்த பொருளாதாரத் தடை, வன்னியில் 2002ஆம் ஆண்டின் தொடக்கம் வரை நீடித்தது. எரிபொருளும் மின்கலமும் அரிதாயின. ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர்.

பேரனும் விடவில்லை. “அப்பப்பா, அப்போது கிடைக்கவில்லை, வாங்கவில்லை. இப்போது உங்கள் பெட்டிக்குள் எத்தனை சவர்க்காரம் அடுக்கியிருக்கிறது?”

பெரியவர் சிரித்துவிட்டார். நாமும் சிரித்தோம், பின்னர் சிந்தித்தோம்.

கிடைக்காமையால் வாங்காதிருப்பது பொறுமை. கிடைத்தும் வேண்டாமென்பதே மறுப்பு. பஞ்சம் கண்டவர் அஞ்சிச் சேர்க்கிறார். பஞ்சம் காணாதவன் ஆசைப்பட்டுச் சேர்க்கிறான். வணிகனுக்கு இருவரும் ஒன்றே.

கிடைத்தும் மறுத்த இளைஞர்கள் நம்மிடையே இருந்ததுண்டு. 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். அவரை அழைத்தது, பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் காங்கிரஸ். சீமைத்துணி மலிந்திருந்த காலத்தில் அவ்விளைஞர்கள் கதரைப் போற்றினர்.

இன்றைய மாணவனின் பாடு அதனினும் கடிது. அன்று சீமைத்துணி கடையிலே கிடந்தது. இன்று கடையே சட்டைப்பையில் கிடக்கிறது. எந்தப் படத்தில் நம் விரல் தயங்கிற்று என்பதைக் குறித்துவைத்து, அதை ஒத்தவற்றையே மீண்டும் மீண்டும் காட்டுகிறது. ஆசை நம்முடையதா, ஊட்டப்பட்டதா என்று அறிவதே அரிதாகிவிட்டது.

நாம் விடைபெறுமுன் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தனர். பேரன், விரும்பிய பொருளைத் தாளில் எழுதிவைத்து, அடுத்த ஞாயிறும் அது வேண்டுமென்று தோன்றினால் மட்டும் வாங்குவான். பாட்டனார், பெட்டி பாதி குறையும் வரை புதுச் சவர்க்காரம் வாங்கார்.

மாணவ நண்பர்களே, நமது மேசையிலும் உறை பிரிக்காத புத்தகக் கட்டொன்று ஒரு திங்களாகக் கிடக்கிறது. ஆகவே உங்களுக்குப் புத்தி சொல்ல நாம் துணியவில்லை. அந்தத் தாளை நாமும் எழுதத் தொடங்கியிருக்கிறோம். நீங்களும் எழுதிப் பாருங்கள்.