மினுக்கத்தை எடுக்கச் சொன்னால்...

பெங்களூரில் ஸ்டூடியோக்குப் போய்க் குடும்பப் படம் எடுத்துப் பாருங்கள் மக்களே. நெற்றியில் மினுக்கம் தெரிகிறது, சரிசெய்கிறேன் என்று முகத்துக்கே வெள்ளையடித்துத் தருகிறார்கள்!

மினுக்கம் தோலின் நிறமா ஐயா? ஃப்ளாஷ் வெளிச்சம் எண்ணெய், வியர்வை மேல் பட்டுத் திரும்புவது, அவ்வளவுதான். எடுக்குமுன் டிஷ்யூவால் ஒற்றலாம். ஃப்ளாஷைக் கூரைப்பக்கம் திருப்பலாம். அப்படியும் மிஞ்சினால், க்ளோன் கருவியை ‘டார்க்கன்’ முறையில் வைத்து, பக்கத்துத் தோலிலிருந்து நிறமெடுத்து மெலிதாகத் தடவினால் வெளுத்த இடம் மட்டும் அடங்கும். (ஃபோட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷ்ஷே 2002-ல் வந்தாச்சு.)

அதற்குச் சோம்பல். முழு முகத்துக்கும் ஒரே இழுப்பு! அம்மாவின் கன்னச் சுருக்கமும் போச்சு, மூக்குத்திப் பளபளப்பும் போச்சு. ஃபேர் அண்ட் லவ்லியே 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’-ஐ எடுத்துவிட்டது. இவர்கள் இன்னும் விடவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: நிறத்தில் கை வைத்தால் மீதிப் பணம் கிடையாது.