அப்பாகிட்ட யாருமே கேக்கல

முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒண்ணு சென்னைல அப்பாவுக்கு நான்தான் புக் பண்ணேன். வயசு 63. மணவூர்ல இருந்து காலைல வெறும் வயித்தோட லோக்கல் ட்ரெயின் பிடிச்சு வந்து ரத்தம் குடுத்துட்டுப் போனார். ரிப்போர்ட்ல ஒரு வரி மட்டும் தடிச்ச எழுத்துல: பிஎஸ்ஏ 5.1.

"இது இன்னாடா?"

எனக்கும் தெரியல. நெட்ல தேடினா 'புராஸ்டேட் புற்றுநோய்'! அம்மாகிட்ட சொல்லாம ரெண்டு நாள் தூங்காம கிடந்தார் மனுஷன்.

அப்புறம் டாக்டர் நிதானமா சொன்னார். வயசாகி அந்தச் சுரப்பி வீங்கினாலும் இது ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் ஏறும். புற்றுநோயே இருந்தாலும் சில வகை ஆமை வேகம். பிரிட்டன்ல ஆபரேஷன், கதிர்வீச்சு, சும்மா கண்காணிப்புன்னு மூணு குழுவா பிரிச்சு 15 வருஷம் பார்த்தாங்க. 2023ல வந்த முடிவு: மூணுலயும் இந்த நோயால செத்தவங்க நூத்துக்கு மூணு பேர் அளவுதான்.

அப்ப டெஸ்டே வேணாமா? அப்படியும் சொல்ல முடியல மக்களே. எங்க பெரியப்பா ஒருத்தர் முதுகுவலின்னு ஒரு வருஷம் தைலம் தேச்சார். கண்டுபிடிக்கும்போது எலும்பு வரைக்கும் போயிருந்தது. ஐரோப்பால 23 வருஷம் நடந்த ஆய்வோட கணக்கு 2025ல வந்துச்சு: 456 பேரை டெஸ்டுக்குக் கூப்பிட்டா ஒரு சாவு தவிருது. அந்த ஒருத்தர் நம்ம வீட்டு ஆளா இருந்தா? அதே சமயம், தொந்தரவே தராத கட்டிக்கு ஆபரேஷன் பண்ணி, சிறுநீர் அடக்க முடியாம, தாம்பத்யமும் போய் கஷ்டப்படறது நம்ம வீட்டு ஆளா இருந்தா?

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அதனாலதான் அமெரிக்க நிபுணர் குழு 2012ல 'வேணாம்'னு சொன்னதை 2018ல மாத்தி, 55 முதல் 69 வயசுக்காரங்க டாக்டரோட பேசி அவங்களே முடிவெடுக்கட்டும்னு சொல்லுச்சு. 70க்கு மேல வழக்கமா எடுக்க வேணாம்னாங்க.

என் கோபம் இங்கதான். அப்பாகிட்ட யாருமே கேக்கல. லேபும் கேக்கல, பணம் கட்டின நானும் கேக்கல. கொலஸ்ட்ராலோட இதுவும் ஒரு வரியா வந்து நின்னுச்சு. ஊசி குத்தறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா அந்த ரெண்டு ராத்திரி மிச்சம்.

இப்ப அப்பாவே முடிவு பண்ணிட்டார்: ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம், அப்பவும் கூட இருந்தா எம்ஆர்ஐ. "தெரிஞ்சுக்கினு பயந்தா பரவால்லடா, தெரியாம பயப்படறதுதான் பேஜாரு"ன்னார்.

உங்க வீட்டு அப்பாக்களுக்கு பேக்கேஜ் புக் பண்றீங்களா? முதல்ல அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சாமிகளா. அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது இந்த நோய் வந்திருந்தா இன்னும் சீக்கிரமே டாக்டர்கிட்ட பேசுங்க.