பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட…

யாழ்ப்பாணத்திலே பத்திரிகையை மரண அறிவித்தல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குபவர்கள் பலர். தலைப்புச் செய்தியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், செத்தவீட்டுக்குப் பிந்திப் போக முடியாது என்பது அவர்கள் நியாயம். பத்திரிகை கிடைக்காத இடங்களில் இலங்கை வானொலியின் மரண அறிவித்தலுக்காகச் சமையலை நிறுத்திவிட்டுக் காது கொடுத்த வீடுகளும் இருந்தன.

பத்திரிகைத் தொழிலின் ஆரம்ப காலத்தில் அந்தப் பக்கம் சில வருடங்கள் என் பொறுப்பில் இருந்தது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் (கனடா), இன்னார் (இலண்டன்), இன்னார் (நோர்வே) ஆகியோரின் அன்புத் தாயாரும் ஆவார். பெயர்களை மாற்றினால் போதும், அறிவித்தல் தயார். பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத் தாள் கிடையாமல் பாடசாலைக் கொப்பித் தாளிற் பத்திரிகை வந்தபோதும் இந்த வாசகம் ஒரு சொல்லும் குறையாமல் வந்தது.

2022 ஜூனில், தொண்ணூறாவது வயதில், என் அம்மா காலமானார். நாட்டிலே பெற்றோல் இல்லாத மாதம் அது. உறவினர் பலர் சைக்கிளில் வந்தனர். அக்காவும் அண்ணன்மாரும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து கைத்தொலைபேசித் திரையிற் கிரியைகளைப் பார்த்தனர். அறிவித்தலை நானே எழுதினேன். மலேசியா சிரம்பானைப் பிறப்பிடமாகவும் சுன்னாகத்தை வதிவிடமாகவும் கொண்டவர். எழுதியது சரிதான். ஆனால் அந்த இரண்டு ஊர்ப்பெயர்களுக்கும் நடுவிலே அம்மா கடந்த தூரத்துக்கு அந்த வாசகத்தில் இடமே இருக்கவில்லை.

அம்மாவின் தகப்பனார் பிரித்தானியர் கால மலாயாவில் ரெயில்வே எழுதுவினைஞர். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கூட்டங்கூட்டமாய் அங்கே போய்க் கந்தோர்களை நிரப்பிய காலம். பிள்ளைகள் ஊரிலே படிக்கவேண்டும் என்று 1939 இல் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் பினாங்கிற் கப்பலேற்றினார். அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. அந்தப் பயணத்தில் அவருக்குக் கடைசிவரை ஞாபகம் இருந்தது கடல் அல்ல. கொழும்பிலிருந்து சுன்னாகம் வரும் ரெயிலில் யாரோ கொடுத்த வெள்ளரிப்பழம். மலாய் மொழியில் சாத்து, டுவா, தீகா என்று பத்துவரை எண்ணுவார். முற்றத்திலே தேங்காய் எண்ணும்போது அது தானாக வாயில் வரும். பின்னர் யுத்தம் மூண்டு ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் தகப்பனாரிடமிருந்து மூன்று வருடங்களுக்கு மேல் ஒரு கடிதமும் இல்லை. இருக்கிறாரோ இல்லையோ தெரியாமலே அம்மம்மா பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். 1946 இல் மனிதர் மெலிந்துபோய்ப் படலையில் வந்து நின்றார்.

ஐயா தபால் திணைக்களத்தில் எழுதுவினைஞர். 1952 இல் மணம்முடித்த கையோடு பதுளை, பிறகு கொழும்பு. தனிச்சிங்களச் சட்டம் வந்த 1956 இல் அம்மா கொழும்பிலே இரண்டாவது பிள்ளையோடு இருந்தார். அதே வருடம் ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. யாழ்தேவியிற் போய்வந்த கதைகளை எங்களவர்கள் சலிக்காமற் சொல்வார்கள். 1958 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளோடு அகதிகளாகக் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலிற் போனதை மாத்திரம் அதிகம் பேசமாட்டார்கள். அம்மா பேசினார். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கச் சுடுநீர் கேட்டு மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஏறி இறங்கியதை, அருகில் இருந்த முன்பின் தெரியாத பெண் தன் சேலையைக் கிழித்துத் துணி தந்ததை, காங்கேசன்துறையில் இறங்கியபோது காலிற் செருப்பில்லாததைச் சொல்வார். அழுகை இராது. விலைவாசியைச் சொல்லும் அதே குரல்.

ஆறு மாதத்தில் அதே கொழும்புக்குத் திரும்பிப் போனார்கள். சம்பளம் அங்கேதானே இருந்தது.

அம்மா தானாக விரும்பிப் போன பயணம் என்று ஒன்றிருந்தால், அது 1962 மார்கழியிற் சிதம்பரத்துக்குப் போனதுதான். அப்போது தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. இர்வின், கோஷன் என்று அவற்றின் பெயர்களை அம்மா பள்ளித் தோழிகளின் பெயர்களைப் போலச் சொல்வார். தனுஷ்கோடியில் ரெயிலேறினாற் சிதம்பரத்திலேயே இறங்கலாம். ஆருத்திரா தரிசனம் கண்டு திரும்பினார்கள். இரண்டு வருடத்தில், 1964 டிசம்பர்ப் புயலில், தனுஷ்கோடியே கடலோடு போயிற்று. தான் நின்ற ஒரு புகையிரத நிலையம் உலகத்தில் இல்லாமற் போனதை அம்மாவால் நம்பவே முடியவில்லை. பிற்காலத்தில் இது அவருக்குப் பழகிவிட்டது.

1977 ஓகஸ்டில் அனுராதபுரத்திலிருந்து லொறியில் வந்தோம். எனக்கு ஒன்பது வயது. அதன்பின் ஐயா தெற்கே வேலைக்குத் திரும்பவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி, மழையில், இலட்சக்கணக்கான சனம். அறுபத்து மூன்று வயதில் அம்மா ஒரு கையில் உரப்பையும் மறுகையில் அரிக்கன் லாம்பும் கொண்டு நடந்தார். நடையென்று சொல்லுவது கூடப் பிழை. அடிக்கு அடி நிற்கவேண்டியிருந்தது. கொடிகாமத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையிற் பதினொரு குடும்பங்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் வலிகாமம் திரும்பினோம். வீட்டுக் கூரை இருந்தது, கதவுகள் இல்லை.

1998 இல் அக்கா கனடாவுக்கு அழைத்தபோது அம்மாவுக்குக் கடவுச்சீட்டு எடுக்கவேண்டி வந்தது. வாசகர்களில் இளையவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, அதற்கு முன்னர் வெளிநாட்டிற் பிறந்த ஒருவர் வம்சாவளியால் இலங்கைப் பிரசை ஆகவேண்டுமாயின் தகப்பனும் தகப்பனின் தகப்பனும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும், இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். ஏழு வயதிலிருந்து இந்த மண்ணில் வாழ்ந்து, இங்கே பிள்ளைகளைப் பெற்று, இரண்டு தடவை அகதியாகிய ஒரு பெண், தான் இந்நாட்டவள் என்று காட்ட ஆண்கள் இருவரின் பிறப்பைக் காட்டவேண்டியிருந்தது. இடப்பெயர்விற் பத்திரங்கள் பாதி தொலைந்திருந்தன. உரப்பையின் அடியில் அம்மா பொலித்தீனிற் சுற்றி வைத்திருந்த பழைய தாள்கள்தான் எங்களைக் காப்பாற்றின.

தரைப்பாதை மூடியிருந்ததால், அம்மா காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலிற் போய், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இரண்டு மாதம் காத்திருந்து, ரொறன்ரோ போய்ச் சேர்ந்தார். ஸ்காபரோவில் அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடி. நான்கு வருடம். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்த செய்தியைத் தொலைக்காட்சியிற் கண்டதும், "பனியும் பாத்திட்டன், இனி வீட்டை போவம்" என்றாராம். அடுத்த மாதமே ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளை இறக்கிக் காட்டி ஏற்றி, பஸ்ஸில் வந்து இறங்கினார். அதன்பின் இருபது வருடம் சுன்னாகத்தை விட்டு அசையவில்லை.

இப்படிப்பட்ட தாய்மார் எங்கள் குடாநாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அம்மா அபூர்வமானவர் என்று நான் வாதிடவில்லை. அவர் பொதுவானவர் என்பதுதான் என் வழக்கு. ஆண்களின் பயணங்களை நாங்கள் நன்றாகவே நினைவு வைத்திருக்கிறோம். வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதை எத்தனை தடவை எழுதப்பட்டுவிட்டது! எழுதப்படவேண்டியதுதான். கப்பலுக்குப் பெண்ணின் பெயர், அதைச் செலுத்தியவர்கள் வல்வையின் ஆண்மக்கள். பெண்களிலும் பொதுவாழ்வில் நின்றவர்களுக்கு இடம் உண்டு. தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலை வளர்த்த தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் கடல்கடந்து செய்த சொற்பொழிவுப் பயணங்கள் மலர்களிற் பதிவாகியுள்ளன. கப்பலில் சுடுநீர் கேட்டு ஏறி இறங்கியவளைத்தான் எங்கும் காணோம். அவளுடைய பிள்ளைகள் எந்த எந்த நாட்டில் என்பதை அடைப்புக்குறிக்குள் போடுகிறோம், அது ஏதோ அவள் பெற்ற பட்டம்போல. அவள் போன நாட்டைப் போடுவதில்லை.

இதற்கென்று எங்களிடம் ஓர் அருமையான வழக்கம் கைவசம் இருப்பதுதான் வேதனை. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். மற்றைய ஊர்த் தமிழர்களுக்கு இந்தச் சொல் கல்லிலே வெட்டியதைக் குறிக்கும். எங்களுக்கு அது இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல். விநாயகர் வணக்கம், திதி வெண்பா, தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல். முன்னர் ஊர்ப் புலவர் ஒருவர் இருந்து இறந்தவரின் வாழ்க்கையைச் செய்யுளாக்குவார். மிகையாக இருந்தாலும் ஊரும் தொழிலும் குணமும் அதில் வந்துவிடும். இன்று கணினியில் ஒரு கல்வெட்டின் பெயரை அழித்து அடுத்ததை ஏற்றுகிறார்கள். வழுவழுப்பான தாள், பன்னிரண்டு வர்ணப் படங்கள், இறந்தவரைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்திலும் அவர் அன்பானவர், பண்பானவர், விருந்தோம்புபவர். இதை யாருக்கும் எழுதலாம்.

அம்மாவின் கல்வெட்டுக்கு நான் பதினாறு பக்கம் எழுதினேன். ஐயாவின் தம்பி, எண்பத்தைந்து வயதானவர், கைப்பிரதியைப் பார்த்துவிட்டு முகஞ்சுளித்தார். "தம்பி, கல்வெட்டெண்டாத் தேவாரம், வம்சாவளி. கப்பலும் லொறியும் என்னத்துக்கு? அவ சும்மா ஊர் சுத்தினவ எண்டல்லோ நினைப்பினம்." வெளிநாட்டிலிருந்து வேறு விதமான ஆட்சேபம், அகதிக் கதை வேண்டாம், பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களைப் போடுங்கள் என்றார்கள். தேவாரத்தையும் வைத்தேன், பட்டமளிப்புப் படம் ஒன்றையும் வைத்தேன். பதினாறு பக்கத்தில் ஒன்றையும் குறைக்கவில்லை.

எழுத முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. கடைசிப் பத்து வருடத்தில், பின்னேரத் தேநீரோடு, தொழிற் பழக்கத்தில் ஒரு குறிப்புக் கொப்பியும் கொண்டுபோவேன். "உன்ர வாழ்க்கையைச் சொல்லு" என்று கேட்டால் எந்த அம்மாவும் "என்னத்தைச் சொல்ல" என்றுதான் சொல்வார். அந்தக் கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள், பதுளை வீட்டுக்கு வாடகை எவ்வளவு, லாம்புக்கு மண்ணெண்ணெய் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவேண்டும். பதில் வரும். பதிலோடு பக்கத்தில் நின்றவர்களும் வருவார்கள். வருடத்தைத் தனியே சரிபார்த்துக்கொள்ளலாம். தாய்மார் வருடத்தை எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது என்று கணக்கிட்டே சொல்கிறார்கள், அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. அறிமுகமான நான்கு பேர் இப்படிக் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்குத் தன் தாய் 1983 இல் எந்த முகாமில் இருந்தார் என்பதே அன்றுதான் தெரியவந்தது.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நாங்கள் இழந்தவற்றைப் பற்றி இன்றும் துக்கிக்கிறோம். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்திலே எங்கள் நூல்களோடும் பத்திரிகைகளோடும் இந்த நினைவு மலர்களையும் வருடிச் சேர்த்துவருகிறார்கள். நாளைக்கு யாராவது ஒரு மாணவி 1958 இன் கப்பலைப் பற்றி அறிய அங்கே தேடினால், நூறு கல்வெட்டில் தொண்ணூற்றொன்பதில் விருந்தோம்பலைத்தான் காண்பாள்.

அந்தியேட்டியன்று கல்வெட்டை வந்தவர்களுக்குக் கொடுத்தோம். பெரும்பாலோர் படங்களைப் பார்த்து மூடிவைத்தார்கள். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் ஒரு முதியவர், அம்மாவிலும் மூன்று வயது இளையவர், பந்தியில் இலையைத் தள்ளிவைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உந்தக் கப்பலிலை நானும் வந்தனான்" என்றார். அவருடைய மகள் அருகில் நின்றாள். "அம்மா, நீங்கள் கொழும்பிலை இருந்தனீங்களோ?" என்று கேட்டாள்.