உப்பும் இருதயமும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் நாட்டு முதுமொழி. சுவை ஒன்றனையே நோக்குவார்க்கு அது முற்றும் உண்மை. ஆயின் நம் விடுதி உணவறையில் அம்மொழிக்கு அளவிறந்த மதிப்பளித்து வருகின்றோம் என்பது என் கருத்து. சாம்பாரில் உப்பு, பொரியலில் உப்பு, அப்பளத்தில், மோர்மிளகாயில், ஊறுகாயில் உப்பு, வாரத்திற்கொருநாள் கருவாட்டுக் குழம்பு, இவையும் போதாவென்று மேசை நடுவே உப்புக் கிண்ணம்!

வளர்ந்தார் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைந்த உப்பே தகும் என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துளது. ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டி அளவு. அதனினும் மிக்கால் விளைவது யாது? உப்பிலுள்ள சோடியம் உடலில் மிகுமிடத்து, அதற்கேற்ப நீரும் உடலில் தங்குகின்றது. குருதியின் கனம் பெருகக் குழாய்ச் சுவர்மேல் அழுத்தம் ஏறுகின்றது. ஆண்டுக் கணக்கில் அவ்வழுத்தத்தைத் தாங்கிய தமனிகள் தடித்து நெகிழ்ச்சி இழக்கின்றன. இருதயத்தின் இடக் கீழறையும் மூட்டை சுமப்பான் தோள்போலத் தடிக்கின்றது. தோளுக்கு அது வலிமை, இருதயத்திற்கோ நோய். மாரடைப்பும் பக்கவாதமும் இவ்வழியே வருவன பல. கொடுமை யாதெனின், பல்லாண்டுகாறும் யாதோர் அறிகுறியும் தோன்றாமையே. என் தாய்மாமன் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசித்து நின்றவர், நாக்குழறிச் சாய்ந்தார். அவர்க்கு இரத்த அழுத்தம் உண்டென்பதை அன்றுதான் அவரும் அறிந்தார், யாங்களும் அறிந்தோம்.

அற்றேல், அவரவர் குறைத்து உண்ணலாகாதோ என்பர் சிலர். வீட்டில் உண்பார்க்கு அது கூடும். விடுதியில் உப்பை அளப்பது உண்பான் கையன்று, சமையற்காரர் கை. ஆதலின் அறிவுரை மாணவன் செவியில் ஏறுவதினும், மாற்றம் அடுப்பின்மேல் ஏறுவதே பயன்தரும். சீன நாட்டில் 600 சிற்றூர்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2021-ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஊர்களுள் பாதிக்கு, சோடிய உப்பில் நாலிலொரு பங்கைக் குறைத்துப் பொட்டாசிய உப்புக் கலந்து கொடுத்தனர். மாறியது உப்புச் சாடியே. சற்றேறக்குறைய ஐந்தாண்டில், அவ்வூரார்க்குப் பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சிறுநீரக நோயுடையார்க்குப் பொட்டாசியம் தீங்காகலாமாதலின், அக்கலவை உப்பை நம் அடுக்களைக்கு யான் வேண்டுகிலேன்; இருக்கும் உப்பைக் குறைத்தலே போதும்.

நம்முடையது வெப்பநாடு, வியர்வையில் உப்புக் கழியுமே என்பார் கூற்று தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் உழைப்பார் திறத்து ஆராயத்தக்கது. மின்விசிறியின் கீழ் அமர்ந்து நன்னூல் நெட்டுருச் செய்யும் எம்மனோர்க்கு அது பொருந்துமாறு எங்ஙனம்? 1930-இல் வேதாரணியத்தில் இராஜாஜி தலைமையில் தொண்டர் உப்பெடுத்ததும் ஏழையின் கஞ்சியை எண்ணியே; நம் மேசைக் கிண்ணத்தை எண்ணியன்று.

யான் விடுதித் தலைவரை வேண்டுவன சிலவே. உப்புக் கிண்ணத்தை இப்பருவமே அகற்றுக. அப்பளமும் ஊறுகாயும் ஒருநாளே சேர்ந்து வாராதிருக்க. குழம்பின் உப்பைத் திடுமெனக் குறையாது, சிறிது சிறிதாகக் குறைக்க. நா சில வாரங்களிற் பழகிவிடும் என்பர் மருத்துவர்.

இதனை முதிய சமையற்காரரிடம் சென்று கூறினேன். முப்பதாண்டாக அவ்வடுப்பை ஆள்பவர் அவர். நெடுநேரம் அகப்பையைத் துழாவிக்கொண்டே கேட்டவர், "சாம்பாரிலே குறைக்கிறேன், தம்பி. ரசத்திலே மட்டும் என் கையைப் பிடிக்காதீர்கள்" என்றார். சாம்பாரோடு தொடங்க யான் இசைந்து வந்தேன்.