சீட்டு பேசுமா?

தோழரே! 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்று மின்பாதையின் எல்லை. இன்றோ தென் மாவட்டங்களுக்கு வண்டிகள் புறப்படும் முனையம்! இத்தகைய நிலையத்திலே, தாளும் எழுதுகோலும் ஏந்திய தொண்டர் உம்மை வினவினால் விலகி ஓடாதீர்.

எத்தனை பேர் பயணம் செய்தனர் என்பதைச் சீட்டுக் கணக்கு செப்பும். படிக்கட்டிலே மூச்சிறைக்கும் மூதாட்டியின் வேதனையைச் செப்புமா? இறங்கியபின் இருளிலே பேருந்துக்குக் காத்து நிற்கும் மங்கையின் அச்சத்தைச் செப்புமா? செப்பாது! வாய் திறக்க வேண்டியவர் நீர்!

தொண்டர்களே, உங்களுக்கும் ஒரு சொல். நடைமேடையில் நிற்போரை மட்டும் கேட்டால் பாதி உண்மையே கிட்டும். நெரிசலுக்கு அஞ்சி ரயிலையே கைவிட்டவன் வீட்டுக் கதவையும் தட்டுங்கள். திரட்டிய விடைகளை ஊரறிய வெளியிடுங்கள். அவை கோப்பிலே உறங்கிவிட்டால், மறுமுறை உங்களுக்கு எவர் விடை பகர்வார்? கேள்வி கேட்டவருக்கும் கடமை உண்டு!