ஆளில்லாத் துறைமுகம்

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் சாரதியற்ற வண்டிகள் 1993-லேயே கன்டெய்னர்களைச் சுமக்கத் தொடங்கிவிட்டன. 2015-இல் அங்கே திறக்கப்பட்ட மாஸ்விளாக்டே முனையத்திலோ, பாட்டரியின் சக்தி குறைந்ததும் வண்டி தானே மாற்று நிலையத்தை நாடிச் செல்ல, யந்திரக்கரம் பழையதை உருவிப் புதியதைச் செருக, அது மறுபடி கரைக்குத் திரும்புகிறது. பாரந்தூக்கியை இயக்குபவர் காற்றடிக்கும் உயரத்துக் கூண்டில் இல்லை. அலுவலக அறையில் திரைகளுக்கு முன் அமர்ந்திருக்கிறார். மனித தேகத்தின் பெரும் சிரமம் ஒன்று நீங்கியதென்று இதை மனப்பூர்வமாக வரவேற்கிறேன்.

ஆயினும், 2017 ஜூன் 27-ஆம் தேதி உக்ரைனிலிருந்து பரவிய நாட்பெட்யா என்னும் நாசநிரல், அம்முனையத்தை நடத்திய மெர்ஸ்க் குழுமத்தின் கணினிகளை முடக்கியபோது, வண்டிகளிலும் தூக்கிகளிலும் யாதொரு பழுதும் இல்லாதிருந்தும், ஆணையிடும் மூளை மறைந்த காரணத்தால் முனையம் முழுவதும் ஸ்தம்பித்தது. மின்தடையால் கானா நாட்டு அலுவலகத்தில் இணைப்பற்றுக் கிடந்த ஒரே கணினியில் முக்கியத் தகவல் பிரதியொன்று தப்பியிருந்ததே அந்நிறுவனம் மீள வழிசெய்தது. நஷ்டம் இருபது முதல் முப்பது கோடி டாலர் வரை என்று அதுவே கணக்கிட்டது.

கணினியின்றியும் சரக்கைக் கணக்கிட்டு இறக்கத் தெரிந்தவர்களை ஒவ்வொரு முனையமும் சம்பளம் கொடுத்துப் பேணவேண்டும், ஆண்டுதோறும் பயிற்சியும் தரவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். 2016 ஜனவரியில் ராட்டர்டாம் தொழிலாளர் வேலை உத்தரவாதம் கோரி ஒருநாள் வேலைநிறுத்தம் செய்ததில் முழு நியாயம் இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் கன்டெய்னர்களைப் பிணைக்கும் இரும்புக்கம்பிகளை முறுக்கித் தளர்த்துவோர் இன்றும் அவர்களே.