சாவிக் கொத்து யார் இடுப்பில்?

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தைச் சூழ்ந்த கடைவீதிகளில், வியாபாரிகள் தம் கணக்கு வழக்குகளைத் தாமே பார்த்துக்கொண்ட காலம் போய்விட்டது. ஜி.எஸ்.டி. தாக்கலுக்கும், பாங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கைக்கும் ஆலோசகர் ஒருவர் வேண்டியிருக்கிறது. அவரிடம் காகிதங்களோடு கடவுச்சொல்லும் ஒப்படைக்கப்படுகிறது, ஓ.டி.பி. எண்ணோ கேட்ட மாத்திரத்தில் டெலிபோனில் சொல்லப்படுகிறது. பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உறங்கியவரின் பேரன், இன்று அச்சாவியைப் பிறர் மேஜையில் வைத்துவிட்டு வீடு திரும்புகிறான்.

இவ்வாலோசகர்களுள் எவரிடம் அபாயம் குறைவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பவர் அரியர். கூலியை ஒப்பிடுகிறோம்; பெயரை ஒப்பிடுகிறோம். பெரிய பெயரானால் பத்திரம் என்று நம்மவரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அது ஆதாரமற்றது என்பதே நமது அபிப்பிராயம்.

உலகப் பிரசித்தி பெற்ற டெலாய்ட் ஸ்தாபனம் சைபர் பாதுகாப்பு பற்றிப் பிறருக்கு யோசனை விற்பது. அதன் மின்னஞ்சலுக்குள்ளேயே அந்நியர் புகுந்திருந்தனர் என்பதை 2017 செப்டம்பரில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை வெளியிட்டது. நிர்வாகி ஒருவரின் கணக்குக்கு ஒற்றைக் கடவுச்சொல்லே காவலாக இருந்ததாம். பாதிக்கப்பட்ட கட்சிக்காரர் மிகச் சிலரே என்று ஸ்தாபனம் சமாதானம் கூறிற்று. ஆயினும் பத்திரிகை எழுதும்வரை உலகுக்கு அது வாய் திறக்கவில்லை. அதே ஆண்டில் அக்சென்சரின் சேமிப்புக் கிடங்குகள் நான்கு, இணையத்தில் எவரும் நுழையும்படி திறந்து கிடந்தன. உள்ளே ஏறத்தாழ 40,000 கடவுச்சொற்கள் மறைப்பின்றி இருந்தன. 2023-ல் மூவிட் என்னும் கோப்பு அனுப்பும் மென்பொருளில் ஓட்டை காணப்பட்டபோது, போட்டியாளர்களான பி.டபிள்யு.சி.யும் எர்ன்ஸ்ட் அண்டு யங்கும் ஒருங்கே அடிபட்டன. இரண்டில் எது மேல் என்று முன்கூட்டி ஆராய்ந்து பயன் என்ன? இருவர் வீட்டுக்கும் பூட்டுச் செய்தவன் ஒருவனே!

நம் நாட்டு விப்ரோவின் அனுபவம் இன்னும் கவனிக்கத்தக்கது. 2019-ல் அதன் ஊழியர் சிலர் பொய்க் கடிதத்துக்கு ஏமாந்தனர். அவ்வழியே புகுந்தவர்கள் விப்ரோவின் கட்சிக்காரர்களையும் குறிவைத்ததாகச் செய்தி வந்தது. ஆலோசகரின் அபாயம் இத்தன்மையதே. கள்வனுக்கு நூறு கடைகளை உடைக்கும் சிரமம் இல்லை. நூறு கடைச் சாவிகளும் தொங்கும் ஓர் அறை போதும். கட்சிக்காரர் அனைவரின் கடவுச்சொற்களையும் ஒரே நோட்டில் எழுதி வைக்கும் சிறு ஆலோசகரும் இதற்கு விலக்கல்லர்.

பிட்சைட், செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் ஸ்தாபனங்களுக்கு மதிப்பெண் போடுகின்றன. அவை பெரும்பாலும் வெளியிலிருந்து தெரிவதைக் கொண்டே கணிக்கின்றன. தெருவில் நின்று வாசற்கதவைப் பார்த்து வீட்டுக்கு மார்க் கொடுப்பது போன்றது இது. உள்ளே வேலைக்காரன் சாவியை யாரிடம் கொடுக்கிறான் என்பது அதில் தெரியாது. தவறை ஒப்புக்கொண்ட ஸ்தாபனம் தாழ்ந்ததாகவும், மூடி மறைத்தது உயர்ந்ததாகவும் தோன்றும் விபரீதமும் உண்டு. கணினித் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று 2022-ல் சர்க்கார் கட்டளையிட்டது நல்லதே. ஆனால் அத்தகவல் டில்லிக்குப் போகிறதேயன்றி, ஆரப்பாளையத்துக் கடைக்காரருக்கு அதனால் தெரிய வருவதில்லை.

ஆகவே மதிப்பெண்ணை நம்பாமல் வாயைத் திறந்து கேட்பதே வழி. எம் கடவுச்சொல்லை உம்மிடம் எத்தனை பேர் அறிவர்? வேலையை விட்டுப் போன குமாஸ்தாவின் அனுமதி அன்றே ரத்தாயிற்றா? திருட்டு நேர்ந்தால் எமக்கு எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்? முகம் சுளிக்கும் ஆலோசகரைவிட, யோசித்து விடை சொல்பவர் கூலி கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

2023-ம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய காவல் வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. வாடிக்கையாளரின் விவரங்களைத் திரட்டியவர் வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தாலும் பொறுப்பு திரட்டியவருடையதே. ‘ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்’ என்ற விடை இனி செல்லாது. மேற்படி கேள்விகளை அச்சிட்டு, மதுரையிலுள்ள தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் தன் அங்கத்தினர்களுக்கு வழங்கலாம். ஆலோசகர்களை அமர்த்தும் நகராட்சி நிர்வாகமும், குறைந்த தொகைக்காரரைத் தேடுமுன் அவற்றை டெண்டரிலேயே சேர்க்கட்டும். அங்கே பணயம் வைக்கப்படுவது வரி செலுத்தும் ஜனங்களின் விவரம்.